இரண்டாவது டிஸ்க்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, பாதியில் நின்றன. மகன் மேசையில் ஓங்கிக் குத்தினான். பெரியவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, தெருக்கதவையும் தாழிட்டுவிட்டு வந்தார்.

"மூணு மணிக்கு மெஷின எடுக்க இன்ஸ்பெக்டர் வராரு. அதுக்குள்ள முடிச்சுடுவியா?"

"முடிச்சாகணும்ப்பா."

பெரியவரின் தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "அவ்வளவு பணம் போட்டு வாங்கின மெஷின், கடைசில சிலேட்டு மாதிரில்ல இருக்கு. பேசாம தூக்கி ஆத்துல போட்டுட்டு வாடா."

"போட்டா ஏன் போட்டேன்னு கேப்பாங்க அத்த. ஒவ்வொரு புரோகிராமையும் மூல நிரல்லேர்ந்து நானே கம்பைல் பண்ணி, சொந்தமா ஒரு லினக்ஸ் சிஸ்டம் கட்டறேன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். புதுசு ஓட ஆரம்பிச்சா பழச அழிக்கறது வழக்கம்தான். யாருக்கும் சந்தேகம் வராது."

பழைய டிஸ்க்கில் இருந்த சிஸ்டத்தை ஓடவிட்டுத்தான் இரண்டாவது டிஸ்க்கில் புதியதைக் கட்ட முடியும். புதியது தன் காலில் நிற்கும்வரை பழையதில் கைவைக்க முடியாது. கைவைத்தே தீர வேண்டியது அந்தப் பழையதில்தான் இருந்தது.

மாடியில் குடியிருந்த நர்ஸை அவள் அறியாமல் அவள் அறையிலேயே மகன் எடுத்த படங்கள் அவை. அவற்றில் சில, அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிவரை பரவின. அந்த வாரமே அவள் உயிரை விட்டாள்.

"கெர்னல்ல டிஸ்க் டிரைவர சேக்காம விட்டிருப்பேன்" என்று முணுமுணுத்தபடி மகன் சிஸ்டத்தின் மையமான அந்தக் கெர்னலை மறுபடி கம்பைல் செய்தான். மின்விசிறி இரைந்தது. முடிந்ததும் மெஷினை அணைத்து மறுபடி போட்டான். எழுத்துகள் ஓடி, அதே இடத்தில் நின்றன.

"போச்சு" என்றாள் அத்தை.

"வாய மூடு" என்றார் பெரியவர். மகன் பக்கம் திரும்பினார். "கடைசி வரியையே மொறச்சுப் பாத்துட்டு இருக்க. மேலேர்ந்து படி."

மகன் படித்தான். அவன் புருவம் சுருங்கியது. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பி டிஸ்க்குகளை வரிசையாகக் காட்டச் சொன்னான்.

"அட. ரெண்டும் இடம் மாறிக் கெடக்குது. வயர் சொருகியிருக்கற வரிசைப்படி மெஷின் இதுங்களுக்கு 'ஏ', 'பி'ன்னு பேரு வெக்கும். நான் அந்த நர்ஸ் சாவுக்கு அவ ஊருக்குப் போறதுக்கு முந்தி புதுசு 'பி'யா இருந்துச்சு. இப்ப 'ஏ'ன்னு காட்டுது. கெர்னல் 'பி'யில போய்த் தேடினா எப்படிக் கெடைக்கும்?"

"நீ வயரக் கழட்டினியா?"

"இல்ல அத்த. சில நேரம் அதுவே மாத்திக்கும். நல்லவேள, பழைய எழுத்த நம்பி அழிச்சிருந்தா புதுசு போயிருக்கும்."

பெரியவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

மகன் ஒரே ஓர் எழுத்தைத் திருத்தினான். இந்த முறை வரிகள் நிற்காமல் ஓடின. பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுப் புது சிஸ்டம் காத்து நின்றது. பல நாளுக்குப் பிறகு அவன் சிரித்தான்.

பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். முதுகு நாற்காலியில் சாயவில்லை.

"கொஞ்சம் இரு. அந்தப் பொண்ணு உன்ன அண்ணான்னு கூப்பிட்டுச்சு. அழிக்காம அப்படியே வெச்சிருந்து, அவர் வந்ததும் நீயே கையில குடுத்தா என்ன?"

"அண்ணே, என்ன பேச்சு இது? ஒத்தப் பிள்ள" என்று பதறினாள் அத்தை.

"கேக்க வேண்டியது என் கடம. கேக்கறேன்."

"செத்தவ செத்துட்டா. திரும்பி வரப் போறாளா?" மகன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இருக்கறவங்க மானத்தப் பாருங்கப்பா."

"அதத்தான் பாக்கறேன்" என்றார் பெரியவர்.

மகன் எந்த டிஸ்க் என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, அழிக்கும் கட்டளையைத் தட்டினான். நூறு சதவீதம் என்று வரும்வரை பெரியவர் இமைகொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை பெருமூச்சு விட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

அழைப்புமணி அடித்தது. பெரியவரே போய்த் தாழை நீக்கினார். இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும் உள்ளே வந்தார்கள்.

"மெஷின் இங்கதான் இருக்கு சார், தாராளமா எடுத்துக்கங்க" என்றான் மகன். "இப்பதான் புது சிஸ்டம் போட்டேன். அதுல பழசெல்லாம் போயிடுச்சு."

இன்ஸ்பெக்டர் மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அது இருக்கட்டும். நீ கிளம்பு" என்றார்.

ஒரு கான்ஸ்டபிள் அவன் தோளில் கைவைத்தார். மகன் மிரண்டுபோய் அப்பாவைப் பார்த்தான்.

"நீ அழிச்சது இவங்க எடுத்துக் குடுத்த நகல். நான் சொருகினப்ப வயர் இடம் மாறிடுச்சு" என்றார் பெரியவர். "அசல் டிஸ்க்க, நீ அவ சாவுக்கு அழப் போயிருந்தப்பவே இவங்ககிட்ட குடுத்துட்டேன்."