முழங்கால் உயர வண்டி

வண்டி அவர் முழங்கால் உயரம்கூட இல்லை.

அதன்மேல் வளர்ந்த ஆள் ஒருவர் மடங்கி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பந்தயக் கோட்டருகே, குட்டி பைக்குகளில் ஏழு பேர். ஏழு பேருக்கும் முகம் மறைய ஹெல்மெட்.

மஞ்சள் ஹெல்மெட் அவருடைய மருமகள்.

அங்கே அது அவருக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தாய்வீடு போகிறாள் என்றுதான் உறவுக்குள் சொல்லி வைத்திருந்தார். இன்று நேரில் பார்த்து, இதோடு நிறுத்தச் சொல்லிவிட வந்தார்.

வந்த இடத்தில் சென்னியப்பன். ஒன்றுவிட்ட தம்பி. பேத்தியின் பிறந்தநாளுக்கு வேடிக்கை காட்டக் கூட்டி வந்தானாம்.

பக்கத்தில் விலைக்கு நிலம் பார்க்க வந்ததாக அவர் சொன்னார். சென்னியப்பன் நகரவில்லை.

ஊர்க் கோயிலில் முதல் விபூதி அவர் வீட்டுக்கு. அடுத்தது சென்னியப்பன் வீட்டுக்கு. அவர் வீட்டுப் பேர் கெட்டால் வரிசை மாறிவிடும்.

கொடி இறங்கியது. மருந்தடிக்கும் மெஷின்கள் ஒன்றாக அலறியதுபோல் சத்தம்.

மஞ்சள் மண்டை பொம்பளைப் பிள்ளை போலிருக்கிறது, வீட்டில் கேட்க ஆளில்லை போல, என்றான் சென்னியப்பன்.



ஜெயித்தவர் வேலியோரம் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவது இங்கே வழக்கம். மைக்கில் ஊரும் பேரும் சொல்வார்கள்.

அவள் தோற்க வேண்டும்.

துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். மறுபடி மாற்றினார்.

முதல் சுற்றில் ஐந்தாவதாக வந்தாள். நல்லது.

அடுத்த சுற்றில் மூன்றாவது.

வளைவில் வண்டி படுத்தது. அவள் முழங்கால் தரையில் பட்டது. விழுந்துவிட்டாள் என்று வேலிக்கு மேல் கையை நீட்டிவிட்டார்.

விழவில்லை. முழங்காலில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தகடு தாரில் உரசியது. வண்டி நிமிர்ந்தது.

அப்படித்தான் திருப்ப வேண்டும் போல.

அடுத்த வளைவில் அவருடைய இடது தோள் தானாகச் சாய்ந்தது. சென்னியப்பன் கவனித்தானா என்று பார்த்துக்கொண்டார்.

கடைசிச் சுற்றில் அவளுக்கு முன்னால் ஒருவன்தான். அவன் வழி விடவில்லை. ஓரத்துக்கு நெருக்கினான்.

அவள் ஒதுங்கவில்லை.

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதை வேண்டிக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

மஞ்சள்தான் முதலில் கோட்டைக் கடந்தது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வேலியோரம் வந்தாள். அவரைப் பார்த்தாள். பக்கத்தில் சென்னியப்பனைப் பார்த்தாள்.

ஹெல்மெட் வாரை அவிழ்க்கப் போன கை இறங்கிவிட்டது.

மைக் பிடித்தவர் பேர் கேட்டார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே வண்டி நம்பரை மட்டும் சொன்னாள். ஊர் கேட்டார். தலையை அசைத்து மறுத்தாள்.

முகத்தைக் காட்டக்கூட முடியாத பொழப்பு பாருங்கண்ணா, என்று சிரித்தான் சென்னியப்பன்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். உதறினார். வேலிக்கு மேலே அவளிடம் நீட்டினார்.

"வேர்த்து ஊத்துது பாரு. அதைக் கழட்டு, கண்ணு."

மைக் இன்னும் பேருக்காகக் காத்திருந்தது.