பூனை இல்லாத பண்ணை

பால் கேன் "மியாவ்" என்றது.

பால் மாதிரிப் புட்டியில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சோதனை அதிகாரி நிமிர்ந்தார். கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் மாட்டைப் பார்த்தேன்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் பூனையே இருக்கக்கூடாது என்பது பால் நிறுவனத்தின் சட்டம். பூனை இல்லாத இடத்தில் தீவன மூட்டை மிஞ்சக்கூடாது என்பது எலிகளின் சட்டம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான். முன்பிருந்த அதிகாரி இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் மாற்றலாகிப் போனார். மூன்றாவது வந்தால் பால் வண்டி எங்கள் வாசலில் நிற்காது. பதினாறு மாட்டுப் பாலையும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து குடிக்கவா முடியும்?

அதனால்தான் இந்தக் கூத்து. மாதம் ஒருமுறை, சோதனைக்கு ஆள் வருகிற நாளில், காலையிலேயே ஆளுக்கொரு பக்கம் ஓடிப் பூனைகளைப் பிடித்து ஒளித்துவைப்போம்.

ஆரம்பத்தில் ஐந்துதான். அந்த ஐந்தையும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டுபோய், குட்டிக்கு வழியில்லாமல் செய்தாயிற்று. அப்படியும் இந்த ஆறு மாதத்தில் பதினொன்றாகிவிட்டது. எவனோ ஒரு பாவி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறான். அவன் மட்டும் கையில் கிடைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று வைத்திருக்கிறேன். பால் கறக்கும்போதெல்லாம் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன்.

இன்று டிராக்டர் கேபினுக்குள் நான்கு. குளியலறையில் ஐந்து. அலமாரியில், இஸ்திரி போட்ட என் சட்டைகளின் மேல், மகாராணி. வாத்தியார் மட்டும் கடைசிவரை பிடிகொடுக்கவில்லை. பிடிபட்டபோது ஜீப் உள்ளே வந்துவிட்டது. ஓட்டை விழுந்து ஒதுக்கிப்போட்ட கேன்தான் பக்கத்தில் இருந்தது. அதற்குள் அவரை இறக்கி மூடினேன். வாயை மூடத் தெரியாத பூனை என்பதால்தான் அவருக்கு வாத்தியார் என்று பெயர்.

வாத்தியார் மறுபடியும் கத்தினார்.

"அவருக்குத் தொண்டை சரியில்லைங்க சார், ரெண்டு நாளா இப்படித்தான் கத்துறாரு" என்றாள் என் மனைவி, என்னைக் காட்டி.

இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் எத்தனையோ சொல்லியிருக்கிறாள். இது புதிது. நான் முறைத்தேன். அவள் கண்ணாலேயே, ம், கத்து என்றாள்.

கத்தினேன்.

சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வாத்தியார் பாடமே எடுக்கத் தொடங்கிவிட்டார். அவர் ஒன்று கத்த, அதை அமுக்க நான் இரண்டு கத்த வேண்டியிருந்தது. ஐம்பத்தோரு வயதில், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, பதினாறு மாடுகளும் அசைபோடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க, கேனோடு போட்டிபோட்டு மியாவ் மியாவ் என்று கத்திக்கொண்டு நின்றேன். மானம் கப்பலேறிவிட்டது.

அதிகாரி சிரிக்கவில்லை.

"வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்பளிங்க, சரியாயிடும்" என்றார்.

அவருடைய சட்டைக் கை சற்று மேலேறியிருந்தது. மணிக்கட்டில் முள் கீறிய மாதிரி கோடுகள். நான் பார்ப்பது தெரிந்ததும் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல வைக்கோல் கொட்டகையைப் பார்க்கத் தனியாகப் போனார். ஈரம் பார்க்கும் கருவி என்று ஒரு பெட்டி வைத்திருப்பார். அதைத் தூக்கிக்கொடுக்க நான் எப்போது போனாலும் விடமாட்டார்.

திரும்பி வந்து படிவத்தை நீட்டினார். 'பண்ணையில் பூனை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. நல்லவேளை, மனுஷன் சுத்த வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் கிளம்பியதும் வாத்தியாரை வெளியே எடுத்தேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் வைக்கோல் கொட்டகைக்குள்ளிருந்து ஒரு சாம்பல்நிறப் பூனை நடந்து வந்தது.

மற்ற பத்தும் இன்னும் அடைபட்டுத்தான் கிடந்தன. இது எங்கள் பூனையே இல்லை.

நேராகப் போய் என் மனைவியின் காலில் உரசியது. கழுத்தில் நூல் கட்டியிருந்தது. நூலில் ஒரு சீட்டு. பால் மாதிரிப் புட்டியில் ஒட்டுகிற அதே சீட்டு. அதே பச்சை மை. படிவத்தில் இருந்த அதே சாய்ந்த எழுத்து.

'ஆண். நான்கு வயது. மீன் மட்டும்தான் தின்னும். தூக்கினால் பிறாண்டும். இருந்த பண்ணைக்கு ஏற்கெனவே இரண்டு கடிதம் ஆகிவிட்டது. அம்மா கையால் போட்டால் பழகிவிடும்.'

ஆறு மாதம். ஆறு சோதனை. ஆறு பூனை. இது ஏழாவது.

கேட்டை நோக்கி ஓடினேன். அதிகாரி கேட்டை மூடுவதற்காக ஜீப்பிலிருந்து இறங்கியிருந்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நாலு கேள்வியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நாக்கு நுனிக்கு வந்தன. வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது. தொண்டை நிஜமாகவே கட்டிப்போயிருந்தது.

அவர் என் வாயை ஒரு கணம் பார்த்தார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, கொப்பளிப்பதுபோல் சைகை செய்தார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நான் திரும்பி வந்தபோது என் மனைவி அவசரமாக அடுப்படிக்குள் போய்க்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனம், சொல்லாமலே புரிந்துகொண்டு வெந்நீர் கொண்டுவருவாள் என்று காத்திருந்தேன்.

மீனோடு வந்தாள்.