ஒரே நிறத்தில் இரண்டு குழாய்கள்

அவள் ஆக்சிஜன் குமிழைத் திருகி மூடியதும் சிவப்பாக இருந்த குழாய் மெல்லக் கறுக்கத் தொடங்கியது.

"அவ்வளவுதாண்ணே. இனிமே மூச்சு உங்க பாடு, உங்க நுரையீரல் பாடு."

கட்டிலில் கிடந்த லிஃப்ட் மெக்கானிக் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார்.

தொடையிலிருந்து கிளம்பும் குழாயில் எப்போதும் கறுத்த ரத்தம்தான். அது கட்டிலோரமாக இறங்கி, இயந்திரத்துக்குள் போய், ஆக்சிஜனைக் குடித்துவிட்டுப் பளிச்சென்று கழுத்துக்குத் திரும்பும். முப்பத்து நான்கு நாட்களாக அவர் படுத்தே கிடக்கிறார். அவருடைய ரத்தம் மட்டும் வெளியே உலாத்திவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கிறது.

இப்போது ஆக்சிஜனை நிறுத்தியாயிற்று. ரத்தம் சும்மா சுற்றி வருகிறது. இரண்டு குழாய்களும் ஒரே நிறம்.

திரையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றாறு. இதற்கு முன் இரண்டு தடவை நிறுத்திப் பார்த்தபோதும் இறங்கிவிட்டது. இன்று மாலை வரை அந்த எண் தொண்ணூற்றுக்குக் கீழே இறங்காமல் இருந்தால், நாளைக் காலையில் குழாய்களை உருவிவிடுவார்கள்.

குழாய் போனால் நாற்காலியும் போய்விடும்.

இயந்திரம் ஓடுகிற வரை பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது விதி. அது இயந்திரத்துக்கான காவல், தனக்கானது அல்ல என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் பகல் முழுக்க அந்த நாற்காலியில் இவள் இருந்தாள். குழாய்க்காரி என்று அவர்தான் பெயர் வைத்தார். மணிக்கொரு தரம் டார்ச் அடித்துக் குழாயை மூட்டு மூட்டாகப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே, தன் மாமியாருக்கும் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் நடக்கும் சண்டையைச் சொல்வாள்.

பூனை மாமியாரின் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று அவர் சிரித்த சிரிப்பில், குழாய்கள் உதறி எச்சரிக்கை மணியே அடித்துவிட்டது.

வேறு யாரும் வரவில்லை. உறவினர் என்ற இடத்தில் அவர் எழுதிக் கொடுத்தது வேலை பார்க்கும் கட்டடத்தின் மேனேஜர் எண்ணை. அந்த மனிதர் ஒரே ஒரு முறை கூப்பிட்டார், மூன்றாவது லிஃப்டின் சாவி எங்கே இருக்கிறது என்று கேட்க.

இருபத்தெட்டு வருடங்களாக, மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிடும். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும். அவர் கதவிடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பார். ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கொண்டே திருகாணிகளைக் கழற்றுவார். அவர்களும் பிள்ளைகளைப் பற்றி, பல்வலியைப் பற்றி, யாரிடமும் சொல்லாத எதையெதையோ சொல்வார்கள். கதவு திறந்ததும் விட்டால் போதும் என்று ஓடுவார்கள்.

ஒருவர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

மெக்கானிக் பாதி மூச்சை இழுத்து அதோடு நிறுத்தினார். நெஞ்சு அசையாத அளவுக்கு. அடுத்ததையும் அப்படியே.

தொண்ணூற்று மூன்று.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பெரிய டாக்டர் அவருடைய எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "படம் தொடச்சு வெச்ச மாதிரி இருக்கேப்பா" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

தொண்ணூற்றொன்று. காதுக்குள் இரைச்சல். இன்னும் கொஞ்சம் தாங்கினால் போதும், அவள் கை குமிழுக்குப் போய்விடும்.

எண்பத்தொன்பது. மணி அடித்தது.

அவள் கை குமிழுக்குப் போகவில்லை. மணியை அடக்கிவிட்டு டார்ச்சை எடுத்தாள். குனிந்து, அவர் கண்ணுக்கு நேராகக் கழுத்துக் குழாயின் மூட்டில் ஒளியைப் பாய்ச்சினாள்.

"இங்க பாருங்க."

ஓடும் கருஞ்சிவப்புக்கு ஓரமாக, நகராமல் ஒட்டிக்கொண்டு ஒரு புள்ளி. எள்ளளவுதான்.

"நேத்து இது இல்ல. ஓடுற ரத்தம் ஒண்ணும் பண்ணாதுண்ணே. மூட்டுல ஒதுங்கி நிக்குது பாருங்க, அதுதான் உறைஞ்சு கட்டியாகும். காலையிலயே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இன்னைக்கு நீங்க தேறலன்னா மெஷினையே மாத்தணும். அதுக்குள்ள இது கழண்டு உள்ள போச்சுன்னா, நான் இந்த நாற்காலியில உக்காந்து வேடிக்கைதான் பாக்கணும்."

மெக்கானிக் புள்ளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "போன ரெண்டு தடவையும் நீங்க பண்ணினதை நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லல. அது என் தப்பு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்க அவரிடம் மூச்சு இல்லை.

"இழுத்து விடுங்கண்ணே. நான் இங்கதான் இருக்கேன்."

அந்த வார்த்தைக்கு எவ்வளவு ஆயுள் என்று அவருக்குத் தெரியாதா? கதவு திறக்கிற வரைதான்.

இருந்தும் இழுத்தார். விலா வலிக்க, தொண்டை இருமலில் உடைய, நெஞ்சு நிறைய இழுத்தார். குழாய்கள் இரண்டும் உதறி அடங்கின. தொண்ணூறு. தொண்ணூற்றிரண்டு. மறுபடி இழுத்தார். தொண்ணூற்றைந்து.

கண்ணாடிக்கு அப்பால் பெரிய டாக்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டு நகர்ந்தார்.

நாளைக்கு இந்நேரம் இந்த இடம் காலியாக இருக்கும். அதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. மெக்கானிக் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"மூக்குக்கண்ணாடி... கடைசியில கெடச்சுதா உங்க மாமியாருக்கு?"

அவள் டார்ச்சை அணைத்தாள். கறுத்து ஓடிக்கொண்டிருந்த குழாயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு மாமியாரே கெடையாதுண்ணே."