பூட்டனின் காணி

1872இல் தன் பூட்டனிடமிருந்து பறிக்கப்பட்ட காணிக்காக யாழ்ப்பாணமே கண்ணீர் வடித்தது என்பார் நியூசிலாந்தின் மனுரேவாவில் குடியிருந்த ஏரம்பமூர்த்தி. கேட்டவர்கள் தேத்தண்ணீர் குடித்தார்கள்.

1987இல் தமையன் ஊரிலிருந்து பழைய காணி உறுதிப்பத்திரத்தின் பிரதியை அனுப்பிவைத்தார்.

"வழக்குப் போட்டு அந்தக் கள்ளற்றை பரம்பரையிட்டயிருந்து காணியை மீட்காமல் விடமாட்டன்" என்றார் ஏரம்பமூர்த்தி.

"காணிக்கு என்ன பேர் போட்டிருக்கு?" என்றாள் மனைவி குணவதி, வெங்காயம் வெட்டியபடி.

"இலுப்பையடி வளவு."

கத்தி நின்றது.

"அது அம்மா வழியா எனக்கு வந்த சீதனக் காணியெல்லே. அப்ப கள்ளர் எண்டது எங்கட ஆக்களையோ?"

ஏரம்பமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விடும். எப்பிடியோ காணி எங்களிட்டயே திரும்பி வந்திட்டுது."

குணவதி திரும்பவும் வெங்காயத்தை வெட்டத் தொடங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன், பெயரைக்கூட வாசிக்காமல் அவளிடம் கையெழுத்து வாங்கி, அந்தக் காணியை விற்றுத்தான் அவர் ஆக்லாந்துக்கு டிக்கெட் எடுத்திருந்தார்.