பஞ்சு வைத்த பக்கம்

வாதத்தில் விழுந்த தையற்காரரின் வலது கை மடியில் போட்டது போட்டபடி கிடக்கிறது. சிகிச்சையின் கடைசி நாளிலாவது பிடிப்பாரென்று அவர் மனைவி கொண்டுவந்த கத்தரிக்கோல் மேசையில் வெயில் பட்டு மின்னுகிறது. மூளைக்கு மெல்லிய மின்சாரம் அனுப்பும் பஞ்சை உப்புநீரில் நனைத்துப் பிழிகிறாள் ஆராய்ச்சி மாணவி. பதினாலு நாளும் அவருக்கு எதிரே நின்றே அதைத் தலையில் பட்டையால் கட்டியவள், இன்று ஜன்னல் வெயில் கண்ணைக் கூச, அவர் முதுகுப்பக்கம் போய் நிற்கிறாள். நரைமுடிக்குள் பஞ்சு பட்டுப் பட்டுச் சிவந்த கட்டம் அவள் வலது கைக்கு நேரே தெரிகிறது. அவருக்கும் அதுதான் வலப்பக்கம். வலது கையை அசைப்பதோ இடப்பக்கத்து மூளை. எதிரே நின்று, தன் இடதையே அவருடைய இடதென்று எண்ணி, பதினாலு நாளும் தப்பான பக்கத்தில் வைத்திருக்கிறாள். பிழிந்த நீர் முழங்கை வழியே சொட்டுகிறது.

"ஏம்மா பின்னாலயே நின்னுட்ட? உன்மேல குத்தமில்ல. இந்தக் கைக்குத்தான் கொடுப்பினை இல்ல," என்கிறார் அவர்.

"கடைசியா ஒரு தடவை நல்லா அழுத்தி வைம்மா," என்கிறாள் மனைவி.

அவர் கண்ணை மூடி, பழக்கத்தில் தலையைச் சாய்த்து, அதே வலப்பக்கத்தைக் காட்டுகிறார்.