தூங்கும் கிருமி

"இது கேன்சர் இல்லைம்மா. பயப்படாதீங்க" என்றார் டாக்டர் ஜெயமேரி.

கண்ணாயியின் முகம் தெளியவில்லை. செம்மநத்தத்திலிருந்து மலை இறங்கிச் சேலம் வரை அவள் வந்தது வேறொரு பதிலுக்காக.

சிறுநீர் போகிற இடத்தில் சதை வளர்ந்து ரத்தம் கசிந்தது. போன தடவை டாக்டர் அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். ஓரகத்தி முத்தாயியை நம்பி விஷயத்தைச் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

"ஒழுங்கா இருக்கறவளுக்கு அங்க எப்பிடிடி மரு வரும்?" என்று கேட்டுவிட்டாள் முத்தாயி. அவள் வாய்க்குப் பூட்டு கிடையாது. இன்றைக்கு வீட்டுக்குள் கேட்டதை நாளைக்குக் காப்பித் தோட்டம் முழுக்கக் கேட்பாள். அப்புறம் கண்ணாயி ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

"அப்ப இது என்னங்க டாக்டரம்மா?"

"மருதான். பாப்பிலோமான்னு ஒரு வைரஸ். புருஷன் பொண்டாட்டி உறவுல ஒட்டிக்கும்."

"ஏனுங்க, கல்யாணமான புதுசுல ஒட்டுனது இப்பப் போயி வருமுங்களா?"

"வரலாம். சத்தமில்லாம வருஷக்கணக்கா உடம்புக்குள்ள தூங்கும். என்னைக்கு ஒட்டிச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதை வச்சு ஒருத்தரைச் சந்தேகப்படறது பெரிய பாவம்."

கண்ணாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது ஒருவழியாக இறங்கியது.

"அடுத்த தடவை உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. அவரையும் பார்த்துடலாம்."

"அவரால வர முடியாதுங்க."

"எஸ்டேட்ல லீவு தரமாட்டாங்களா?"

கண்ணாயி கழுத்துக் கயிற்றை முந்தானைக்குள் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி, விடுங்க. இதுக்காக அவர்மேல கோவப்படாதீங்க."

"அவருமேல எனக்கென்னங்க கோவம்? நொம்ப நல்ல மனுசனுங்க."

டவுன் பஸ்ஸில் அடிவாரம் வந்து இறங்கினாள். ஏற்காடு பஸ் வருவதற்குள் தெருக்குழாயில் முகத்தைக் கழுவினாள். நெற்றிக் குங்குமம் கரைந்து ஓடியது. கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை அவிழ்த்துப் பைக்குள் போட்டாள்.

எஸ்டேட் லாரி கவிழ்ந்து புருஷன் போய் ஒன்பது வருஷமாகிறது. தாலியறுத்தவளுக்கு இது எப்படி வந்தது என்று டாக்டரும் கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில்தான், காலையில் இங்கே வைத்து அந்தக் கயிற்றைத் தானே கட்டிக்கொண்டு போயிருந்தாள்.