போன தீபாவளிக்கு யார் தைத்தது?

கந்தப்பன் ஒரு நூல்கண்டுகூடக் கொடுக்கவில்லை.

ஹட்டன் கடைவீதியில் மற்ற டெய்லர்கள் எல்லாரும் கொடுத்தார்கள். அதைத்தான் சின்னத்தம்பியால் பொறுக்கவே முடியவில்லை.

வீதியே 'நானா' என்று கூப்பிடும் ஜமால்தீன் டெய்லரின் வீடு எரிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. இஸ்திரிப் பெட்டியிலிருந்து விழுந்த ஒரு கரிநெருப்பு செய்த வேலை. வீட்டின் முன்னறைதான் அவருக்குக் கடை. வீட்டோடு மெஷின், கத்தரிக்கோல், அளவு நோட்டு எல்லாம் போய்விட்டன. மனைவி ஸுலைஹாவும் பிள்ளைகளும் பிழைத்ததே பெரிய காரியம்.

சின்னத்தம்பி அந்த வீதியின் மூத்த டெய்லர். நல்ல காரியம் என்றால் முதல் ஆளாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். இறங்கியதை நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

"தீவாளிக்கு ஒரு மாசந்தான் இருக்கு. தீவாளித் தையல விட்டா அந்த மனுசன் வருசம் பூரா என்னத்தத் தின்பாரு? மூட்டையக் கட்டிக்கிட்டு ஊரவிட்டே போயிருவாரு. நாம விடலாமாய்யா?"

விடவில்லை. தன்னுடைய பழைய கால் மெஷினை அவரே கொடுத்தார். ஒருவர் கத்தரிக்கோல், ஒருவர் மேசை. பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையும் கிடைத்தது. பலகை அடித்து, வெள்ளை பூசித் திறக்கப் பதினைந்து நாளாகும்.

கந்தப்பன் மட்டும் தலையைச் சொறிந்தான்.

"குடுக்க எங்கிட்ட ஒண்ணுமில்லண்ணே."

"ஒரு டேப்பாவது குடேன்யா."

"இருக்கிறதே ஒண்ணுதாண்ணே."

"ஒனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கெடையாது" என்று சொல்லிவிட்டு வந்தார் சின்னத்தம்பி.

அடுத்த வாரம் தேயிலைத் தோட்டங்களில் தீபாவளி முன்பணம் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைவீதியில் கால் வைக்க இடமில்லை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ராக்காயி, துணி மூட்டையோடு மூக்கைச் சிந்திக்கொண்டு சின்னத்தம்பி கடைக்குள் நுழைந்தாள்.

"அந்தக் கந்தப்பன் டெய்லரெல்லாம் ஒரு மனுசனாய்யா? துணிய நீட்டுனா, 'போன தீவாளிக்கு யாரு தச்சது?'ன்னு கேக்குறாரு. ஜமால் நானான்னேன். 'அப்ப நான் தைக்க மாட்டேன். கொண்டுபோயி லயத்து வீட்டுல பெட்டிக்குள்ள வையி, துணி என்ன கெட்டா போயிரும்?'னு வெரட்டுறாரு. எனக்கு மட்டுமில்ல, எங்க லயத்துல நாலஞ்சு பேருக்கு இதே கதைதான்."

சின்னத்தம்பிக்கு ரத்தம் கொதித்தது.

"எரிஞ்ச வீட்டு மேலயும் பொறாமையா அவனுக்கு! நானாகிட்ட தச்சா அது ஒரு குத்தமா? நீ கொண்டா தாயி. நானாவோட ஆளுங்கன்னா எனக்கும் நம்ம ஆளுங்கதான்."

பாவம் பார்த்துத்தான் வாங்கினார். மற்ற டெய்லர்களும் அப்படியே பாவம் பார்த்தார்கள். சின்னத்தம்பியின் மேசை நிறைந்து தரையிலும் மூட்டைகள் ஏறின. கந்தப்பன் கடையில் இரண்டே இரண்டு ரவிக்கை தொங்கியது. நல்லா வேணும் அவனுக்கு என்று நினைத்துக்கொண்டார்.

சொன்ன நாளில் ஜமால்தீன் கடையைத் திறந்தார்கள். தேங்காய்ப்பூ பிசைந்த அவல் கொடுத்தார்கள். ஜமால்தீன் சின்னத்தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"இந்த உதவிய மவுத்தாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். அல்லா ஒங்களுக்கு பரக்கத்தக் குடுப்பான்."

மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துணியில்லாமல் சும்மா மிதித்துப் பார்த்தார். நன்றாக ஓடியது. பிறகு கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தார். பத்து மணியாயிற்று. ஒருவரும் வரவில்லை.

"என்னோட ஆளுங்க எல்லாம் முந்தியே எங்கயாச்சும் குடுத்திருப்பாங்க போல" என்று ஜமால்தீன் சிரித்தார். "அவங்களும் என்ன செய்வாங்க, பாவம்."

சின்னத்தம்பி சுவரைப் பார்த்தார்.

அப்போது நாலைந்து பெண்கள் தலையில் மூட்டையோடு படியேறினார்கள்.

"நானா, கடை தொறந்தாச்சுங்களா? 'அஞ்சாறு நாள் பொறுங்க, ஜமால் நானா தச்சுக் குடுப்பாரு'ன்னு கந்தப்பன் டெய்லருதான் கண்டிசனா சொல்லிட்டாரு. அவரு துணியத் தொடவே இல்லீங்க."

ஜமால்தீன் அவசர அவசரமாகப் பென்சிலைத் தேடினார். எதிர்ப்பக்கம் தன் கடையில் கந்தப்பன் ஒரு காஜாவைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தான். சின்னத்தம்பி அவன் முன்னால் போய் நின்றார்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதாடா?"

"இதுல சொல்ல என்ன இருக்குண்ணே?" கந்தப்பன் தலை நிமிரவில்லை. "இந்தத் தீவாளிக்கு நம்மகிட்ட அளவு குடுத்தவங்க அடுத்த தீவாளிக்கும் நம்மகிட்டதான் வருவாங்க. நானாவுக்குக் குடுக்கத்தான் எங்கிட்ட ஒண்ணுமில்ல. எடுக்காமயாவது இருப்போம்னு பாத்தேன்."

சின்னத்தம்பி கடைக்குத் திரும்பினார். வெட்டாத துணிகளையெல்லாம் பொறுக்கி ஒரே மூட்டையாகக் கட்டினார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நாலு பேர் பார்க்கும் வீதியை விட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொல்லைப்புறமாக நடந்தார்.

"என்ன சின்னத்தம்பி இது?" என்றார் ஜமால்தீன்.

"ராக்காயி துணியும் இன்னுங்கொஞ்ச பேரு துணியும் நானா. ஒங்களுக்குக் கொண்டாந்தது. கடை மாறி எங்கிட்ட குடுத்துட்டாங்க."